டயருக்கும் பாலுக்கும் ஒரே உப்பு

ராக்கையா தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டதற்கு, “பாலுக்குப் படிச்சிருக்கா” என்றார்கள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமான நாள் முதலாய் மாடு கறக்கிறவர் அவர். பாலில் படிக்க என்ன கிடக்கிறது? கறந்தால் வரும், வைத்தால் புளிக்கும். ஆனால் அந்தப் பெண் பாண்டீஸ்வரி, காபி டம்ளரை நீட்டிவிட்டு, “உங்க மாடுகளுக்கு என்ன தீவனம் போடுறீங்க?” என்று கேட்டாள். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாட்டைப் பற்றித்தான் கேட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ராக்கையா முடிவு செய்துவிட்டார்.

“பயலுக்குப் புடிச்சிருக்கோ என்னமோ, எனக்குப் புடிச்சிருச்சு” என்று மனைவி சண்முகத்தாயிடம் சொன்னார்.

பாண்டீஸ்வரி கல்யாணத்துக்கு முன்பு கொடைக்கானலில் சீஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். மார்க்கையன்கோட்டைக்கு வாழவந்ததும், வீட்டுக்குப் பின்னால் உரமூட்டை அடுக்கியிருந்த அறையைக் கேட்டாள். ராக்கையா மூட்டைகளைத் தானே தூக்கி வெளியே போட்டார். கொத்தனாரை அழைத்துவந்து சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ் ஒட்டவைத்தார். மகன் சுரேஷ்கண்ணனுக்குத் தேனியில் பைக் ஷோரூமில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அதனால் மருமகளுக்கு ஒத்தாசை எல்லாம் மாமனார்தான். பால் கேனைத் தூக்குவார், சிலிண்டர் மாற்றுவார், அச்சிலிருக்கும் கட்டி இறுகுவதற்குப் பாரம் எடுத்து வைப்பார். அந்த அறைக்குள் நுழையும்முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொள்வார்.

“ஆப்பரேசனுக்குக் கெளம்பிட்டாரு டாக்டரு” என்பாள் சண்முகத்தாய்.

சீஸ் என்னவோ அவர் நாக்குக்கு ஒத்துவரவில்லை. முதல் கட்டியை மருமகள் ஆசையாக வெட்டிக் கொடுத்தபோது மென்று விழுங்கிவிட்டு, “நல்லாருக்குத்தா... ஊறுகா இருக்கா?” என்று கேட்டார். பாண்டீஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு மாமனாருக்குச் சீஸ் கொடுக்கும் தட்டில் ஒரு பத்தை மாங்காய் ஊறுகாயும் இருக்கும்.

அவள் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு அலுப்பே வராது. பாலைப் பதமாகச் சூடுபடுத்துவாள். ஆறவைப்பாள். உறை ஊற்றிக் கொஞ்ச நேரம் விடுவாள். கடைசியில் பாலைக் கட்டியாக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். அதற்கு முன்னால் ஒரு சின்ன டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியைக் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவாள். ஒருநாள் அப்படிக் கரைத்த டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். பச்சைத் தண்ணீர் ஊற்றிய டம்ளர்தான். கையில் பிடித்திருக்கும்போதே வெதுவெதுவென்று சூடேறியது.

“என்னத்தா இது, அடுப்புல வைக்காமயே காயுது!”

“கால்சியம் குளோரைடு மாமா. ஒரு வகை உப்பு. தண்ணியில விழுந்தா அதுவாச் சூடாகும்.”

“இதை எதுக்குப் பாலுல ஊத்துற?”

“பாலைச் சூடு பண்றோம்ல, அப்ப அதுல உள்ள கால்சியம் கொஞ்சம் ஒதுங்கிப் போயிரும். பெறகு மருந்து ஊத்தினாலும் கட்டி தொளதொளன்னுதான் நிக்கும். இந்த உப்பு கொஞ்சம் சேந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிரும்.”

பால் கைகோத்துக்கொள்ளும் என்று அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. அதோடு, இப்படி அடுப்பில்லாமல் சூடாகும் தண்ணீரை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்றும் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

ஆடி மாதம். மலையிலிருந்து சாரல் இறங்கி ஊரே ஈரமாகக் கிடந்தது. குமுளியில் ஒரு பெரிய ரிசார்ட்டில் சமையலுக்குத் தலைமையாக இருந்த கிங்ஸ்லி என்பவர் பாண்டீஸ்வரிக்குப் போன் செய்திருந்தார். அவள் செய்த மிளகுச் சீஸை யார் வீட்டிலோ சாப்பிட்டுப் பார்த்தாராம். மதுரைக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் நாளை மறுநாள் மத்தியானம் வருகிறேன், புதிதாகச் செய்த கட்டி ஒன்றைப் பார்க்கவேண்டும், பிடித்தால் வாராவாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். போன் வந்த மறுநாள் விடிந்ததும் பாண்டீஸ்வரி பாலை அடுப்பில் ஏற்றினாள். தங்கள் மாட்டுப் பாலோடு, தெருவில் நாலைந்து வீட்டுப் பாலும் அண்டாவில் இருந்தது.

உப்பு டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டப்பாவுக்குள் பொடி இல்லை. பாகு மாதிரி கொழகொழவென்று தண்ணீர் நின்றது. அதில் இரண்டு எறும்பு மிதந்தது.

முந்தின நாள் அலமாரியைத் துடைத்தது சண்முகத்தாய். “மூடியை நாந்தான் சரியாத் திருகாம வச்சுட்டேன் போல. ஆனா தண்ணி எப்படித்தா உள்ள போச்சு? நான் ஒரு சொட்டு ஊத்தல.”

“நீங்க ஊத்த வேண்டாம் அத்தை. காத்துல இருக்குற ஈரத்தை இதுவே இழுத்துக் குடிச்சுக் கரைஞ்சிரும். பீரோவுல துணி பூசணம் புடிக்காம இருக்க ஒரு டப்பா தொங்க விடுறோம்ல, அதுக்குள்ள இருக்குறதும் இதேதான்” என்றாள் பாண்டீஸ்வரி. குரலில் கோபமில்லை. முகம்தான் வாடிப்போயிருந்தது. மதுரையிலிருந்த கடைக்குப் போன் போட்டுக் கேட்டாள். கூரியர் வர இரண்டு நாளாகுமாம். “இல்லாமயே செஞ்சு பாப்போம். வர்றபடி வரட்டும்” என்று சொல்லிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ராக்கையா மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். சட்டென்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. டயர்!

போன வருஷம் அவருடைய டிராக்டர், எருவேற்றிய டிரெய்லரோடு வயல் மேட்டில் ஏறமாட்டாமல் சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. உத்தமபாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் சம்சுதீன்தான் பின்சக்கர டியூபுக்குள் உப்புத் தண்ணீரை ஏற்றிவிட்டார். வெறும் தண்ணீரைவிட இது கனம், சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்கும் என்றார். உப்பைக் கொட்டிக் கலக்கிய பிளாஸ்டிக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தபோது சுட்டது. அந்த மூட்டையின் மேலும் இதே பெயர்தான். கால்சியம் குளோரைடு.

ராக்கையா யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் முகம் மலர்வதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. கையைக் கழுவிவிட்டு பைக்கை எடுத்தார். சாரலில் சட்டை ஒட்ட ஒட்ட உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தார்.

“பாய், அந்த டயர் உப்பு ஒரு கிலோ குடுங்க.”

“ஒரு கிலோவா? டியூபு எங்கயாச்சும் லீக்காகுதா அண்ணே? விட்டுறாதீக, ரிம்மைத் துரு தின்னுரும். வண்டியைக் கொண்டாங்க, பாத்துருவோம்.”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. இது வேற ஒரு வேலைக்கு.”

“சாரல் விட்டதும் வாசப் பாதையில தூவப் போறீகளா? கோடையில அதுக்கும் வாங்கிட்டுப் போறாக. ஈரத்தை இழுத்து வச்சுக்கிட்டுப் புழுதியை எந்திரிக்க விடாது.”

“ஆமா, ஆமா” என்று ராக்கையா ஒரே போடாகப் போட்டார். உள்ளதைச் சொன்னால் பேச்சு நீளும், அதற்குள் பால் ஆறிவிடும் என்று அவருக்கு அவசரம்.

வீட்டுக்கு வந்தபோது பாண்டீஸ்வரி முன்வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தாள். பால் ஆறி, உறை ஊற்றியாகி, அண்டா மூடியிருந்தது. நல்ல நேரத்துக்கு வந்தோம் என்று நினைத்துக்கொண்டார். தொப்பியை மாட்டினார். டம்ளரில் தண்ணீர் பிடித்து, உப்பில் ஒரு பிடி போட்டுக் கலக்கினார். டம்ளர் சூடேறியது. பிடிக்க முடியாத சூடு. அதேதான், சந்தேகமே இல்லை! துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பாலில் ஊற்றி, மருமகள் செய்வது போலவே நீளக் கரண்டியால் மேலும் கீழுமாகக் கலக்கிவிட்டார்.

பாண்டீஸ்வரி உள்ளே வந்ததும், “ஈஸ்வரி, ஒங் கவலையை விடு. உப்பு ஊத்தியாச்சு” என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“எந்த உப்பு மாமா?”

அவர் பையைக் காட்டினார். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாதாரண வெள்ளைப் பாலிதீன் பை, மேலே ஒரு எழுத்தும் இல்லை.

“எங்க வாங்குனீங்க?”

“நம்ம சம்சுதீன் பாய் கடையிலதான். டயருக்கு ஊத்துறாகள்ல...”

அவள் அண்டாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பையை ஓரமாக வைத்தாள்.

“உப்பு அதேதான் மாமா. ஆனா டயருக்கு வர்றதைச் சாப்பாட்டுக்குன்னு சுத்தம் பண்ண மாட்டாங்க. அதுல ஈயம் இருக்கலாம், வேற என்னென்னமோ இருக்கலாம். யாரும் பாத்திருக்க மாட்டாங்க. நம்மளும் பாக்க முடியாது.” அண்டாவின் மூடியை இழுத்து மூடினாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட ராக்கையா தாங்கியிருப்பார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

அந்தப் பாலைக் கன்றுக்குட்டிக்கும் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ராக்கையாவே கேன் கேனாகச் சுமந்துபோய், மாடு மேயாத இடமாகப் பார்த்து, வேலியோரம் குழி வெட்டி ஊற்றினார். எருக்குழிக்கு அப்பால், தென்னைக்கும் தள்ளி. பால் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் கறந்து கொடுத்த பெண்களின் முகங்கள் வேறு வந்து வந்து போயின.

தொழுவத்தில் போய்த் தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவர் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சண்முகத்தாய் வந்து பார்த்தாள். “நல்ல சோடி நம்ம ரெண்டு பேரும். நான் டப்பாவைத் தொறந்து போட்டேன், நீங்க மூட்டையைக் கொட்டிட்டீக” என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பாண்டீஸ்வரி ஒரு தட்டில் தயிர்சோறும் துவையலும் கொண்டுவந்தாள். தட்டைத் தொட்டி மேல் வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அழுத கண்ணைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“ஒன்னைய அழ வச்சுட்டேன்த்தா.”

“கோவத்துல அழுதேன் மாமா. மொத்தமும் போச்சேன்னு. அப்புறம் உங்க சட்டையைப் பாத்தேன், இன்னும் ஈரமா இருக்கு. இந்தச் சாரல்ல எனக்காகத்தானே போனீங்க?” அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். “சாப்பிடுங்க. கிங்ஸ்லி சாருக்குப் போன் பண்ணி, இன்னொரு நாள் வாங்கன்னு சொல்லிக்கிறேன்.”

“பண்ணாத” என்றார் ராக்கையா. “பண்ணாதத்தா. நல்ல உப்பு எப்படி இருக்கும், மேல என்ன எழுதியிருக்கும்னு மட்டும் சொல்லு.”

அவள் போனில் தன் பழைய பாக்கெட்டின் படத்தைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்பினாள். அவர் சோற்றை அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடியும் உத்தமபாளையம் போனார்.

சம்சுதீன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “அட என்னண்ணே! பாலுக்குன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா நான் குடுத்தே இருக்க மாட்டேனே. கடை மூட்டை மேல பட்ட கையோட அடுப்படிக்குள்ள போனா வீட்டுல ஷரீபா என்னைய உரிச்சுப்புடுவா.”

“தப்பு எம்மேலதான் பாய். சாப்பாட்டுக்குப் போடுறது இங்கன எந்தக் கடையில கெடைக்கும்?”

சம்சுதீன் படத்தை உற்றுப் பார்த்தார். “இதை நான் எங்கயோ...” என்று இழுத்தவர், அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி ஷரீபா மாங்காய், நெல்லிக்காய், வெள்ளரிப்பிஞ்சு என்று ஊறுகாய் போட்டு, கம்பம் வரைக்கும் கடைகளுக்குக் கொடுக்கிறவள். காய் குழையாமல் நறுக்கென்று கடிபட அவளும் ஒரு உப்புச் சேர்ப்பாளாம். கடைக்குப் பின்தெருவில்தான் வீடு. இரண்டு பேரும் போனபோது ஷரீபா அடுப்படியிலிருந்து ஒரு பாக்கெட்டோடு வந்தாள். பிரிக்காத பாக்கெட். படத்தில் இருந்த அதே வரிகள் அதன்மேல் இருந்தன.

“கொண்டுபோங்கண்ணே. ஒங்க மருமக கிட்டக் காட்டி, அது சரின்னு சொன்ன பெறகு பிரிங்க” என்றாள் ஷரீபா. “ஒங்களை நம்பிக் குடுக்கலாம்ல?” என்று சிரித்தாள்.

“இனிமே எங் கைய வெட்டுனாலும் கேக்காமத் தொட மாட்டேன்.”

உப்பு கிடைத்துவிட்டது. பாலுக்கு என்ன செய்வது? காலைப் பால் எல்லாம் சொசைட்டிக்குப் போயிருக்கும். ஓடைப்பட்டியில் சண்முகத்தாயின் தம்பி பலவேசம், திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தான். ராக்கையா அவனுக்குப் போன் போட்டு, “மாப்ள, இன்னைக்கு ஒருநா மாட்டைக் கொஞ்சம் முன்னாடியே கறந்து குடு. ஒங்க அக்கா மருமக மானம் ஒங் கையில இருக்கு” என்றார். பலவேசம் என்ன ஏது என்று கேட்கவில்லை. பொழுது சாயுமுன்னே கறந்து, கேனை ஆட்டோவில் ஏற்றித் தானே கொண்டுவந்து இறக்கினான்.

பாண்டீஸ்வரி பாக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் படித்தாள். தேதி பார்த்தாள். “இதுதான் மாமா” என்றாள். ராக்கையா அப்போதுதான் வாசல்படி தாண்டி அறைக்குள் வந்தார்.

பால் காய்ந்து, ஆறி, உறை ஊற்றிக் காத்திருக்கும்போது சுரேஷ்கண்ணன் வேலை முடிந்து வந்துவிட்டான். நடந்ததைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்புக்கு, சண்முகத்தாய் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பாண்டீஸ்வரி தண்ணீர் பிடித்த டம்ளரை மாமனாரிடம் நீட்டினாள்.

“நானா?” என்றார் அவர்.

“நீங்கதான். நான் அளந்து போடுறேன், நீங்க கலக்குங்க.”

நூறு லிட்டருக்கு ஒரு சின்னக் கரண்டிதான் கணக்கு. இதுவோ அதில் பாதிப் பால். அவள் எடை பார்க்கும் மெஷினில் நிறுத்துப் போட்டாள். இவ்வளவு கொஞ்சமா, நாம் ஒரு பிடி அல்லவா போட்டோம் என்று ராக்கையாவுக்குக் கூச்சமாக இருந்தது. டம்ளர் லேசாகச் சூடானது. அதைப் பாலில் அவள் மெல்ல ஊற்ற, அவர் கலக்கினார். பிறகு அவள் மருந்தை விட்டாள். எல்லாரும் அண்டாவைச் சுற்றி நின்றார்கள். கரண்ட் போய் வந்தது. தொழுவத்தில் மாடு ஒன்று கத்தியது.

கடைசியில் பாண்டீஸ்வரி கத்தியை எடுத்துப் பாலின்மேல் ஒரு கீறல் போட்டாள். கத்தியை மெல்லத் தூக்கினாள். பால் நறுவிசாக இரண்டாகப் பிளந்தது. இடையில் தெளிந்த நீர் ஊறி வந்தது. அவள் மாமனார் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

மறுநாள் மத்தியானம் கிங்ஸ்லி வந்தார். வெட்டிக் கொடுத்ததை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார். கதவோரம் நின்ற ராக்கையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டு உப்பு ஒரு பொட்டுக் குறையலாம் என்ற கிங்ஸ்லி, மிளகு எங்கே வாங்கினது என்று கேட்டார். போடி மிளகு என்றாள் பாண்டீஸ்வரி. “வியாழக்கிழமை வியாழக்கிழமை அனுப்ப முடியுமாம்மா?” என்றார் அவர்.

மிஞ்சிய டயர் உப்பை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகாமல் எடுத்து வைத்திருந்தார்கள். கோடையில் டிராக்டர் வரும் வண்டிப்பாதையில் தூவிக்கொள்ளலாம், செடிகளின் வேருக்குப் பக்கத்தில் மட்டும் போகக்கூடாது என்று மருமகள் சொல்லியிருந்தாள். பாதையில் ஒரு செடியும் இல்லை என்று ராக்கையா இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை, ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனாரும் மருமகளும் பஸ் ஏறினார்கள். லோயர்கேம்ப் தாண்டி மலை ஏற ஏறக் குளிர் கூடியது. ராக்கையா பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. குமுளியில் பஸ் இறங்கி நடந்து எல்லை தாண்டும்போது, செக்போஸ்ட்டில் கேரளாக்காரப் போலீஸ் ஒருவர் தடுத்து, பெட்டியில் என்ன என்று கேட்டார். பாண்டீஸ்வரி பதில் சொல்ல வாய்திறக்குமுன் ராக்கையா முன்னால் வந்துவிட்டார்.

“சீஸா சாரே. என்றெ மருமோளு உண்டாக்கியதா.”

என் மருமகள் செய்தது என்று சொன்ன அந்த மலையாளம், சின்ன வயதில் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்க் கற்றது. பாண்டீஸ்வரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். போலீஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனை என்றார். அவர் போகச் சொல்லிக் கையை அசைத்த பிறகும் ராக்கையா நகரவில்லை. எந்த மாட்டுப் பால், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், ரிசார்ட்டில் யார் வாங்குகிறார்கள் என்று கேளாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஜீப்புகள் ஹாரன் அடித்தன. மழை பிடித்துக்கொண்டது.

“மாமா, வாங்க!” என்று பாண்டீஸ்வரி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.